சும்மா மலை

பொன்னமராவதிக்கு வடக்கே இருக்கும் சும்மா மலையின் உச்சியில், வேன் டிரைவர் ஆவுடையப்பன் போன சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் தரையில் கால் படாமல் நின்றுகொண்டிருந்தான். முதல் வாரம் பாறைக்கும் அவன் செருப்புக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையும். வைகாசியில் ஒரு ஆட்டுக்குட்டி குனியாமல் புகுந்து போனது. அந்த வருடம் வெயில் கொளுத்தியது, எலுமிச்சம்பழம் விலை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது, அதனால் ஊரில் இதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பாறையில் போய் உட்கார்ந்தாலும் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கும். கல்வெட்டு இல்லையென்றால் ஒரு குகை, அதுவும் இல்லையென்றால் ஒரு சுனை, சுனைக்கு ஒரு கதை. இந்த மலையில் மட்டும் ஒரு மண்ணும் கிடையாது. கல்வெட்டு தேடி வந்தவர்கள் பாறை பாறையாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துகூட இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடும்பாளூருக்குப் போய்விட்டார்கள். எந்தக் காலத்திலோ நிலம் அளக்க வந்த அதிகாரி இது என்ன மலை என்று கேட்டாராம். அடிவாரத்தில் நின்ற ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "அது சும்மா மலைங்க" என்றானாம். அதுவே பெயராகிவிட்டது. அவன் வாயில் வந்ததைச் சொன்னான், மலை அதை மனதில் வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து சும்மா வருகிறவர்களை மட்டும்தான் அது மேலே விடும். காரியமாக வருகிறவன் ஏறிக்கொண்டே இருப்பான், மூச்சு வாங்கும், முட்டி வலிக்கும், இதோ உச்சி என்று நிமிர்ந்து பார்த்தால் அடிவாரத்து ஐயனார் கோயில் மண்குதிரையின் வாலுக்குப் பின்னால் நிற்பான். குவாரி போட இடம் பார்க்க வந்தவர்கள் குதிரை வாலைப் பார்த்தார்கள். பிள்ளை வரம் வேண்டி ஏறியவர்கள் பார்த்தார்கள். தொப்பையைக் குறைக்க விடிகாலையில் ஏறியவர்கள் தினமும் பார்த்து, கடைசியில் குதிரைக்கு வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒழுங்காக ஏறி இறங்கியவர் ஆடு மேய்க்கும் மலையாண்டி ஒருவர்தான். ஆடு மேய்ப்பது காரியமில்லையா என்று கேட்டால், "ஆடுக போகுது, நான் சும்மா பின்னால போறேன்" என்பார். மலைக்கும் அந்த பதில் போதுமானதாக இருந்தது.

ஆவுடையப்பன் இந்த மலைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவனில்லை. அவன் போனதெல்லாம் பேர் பெற்ற மலைகள். கொடைக்கானல், ஊட்டி, கொல்லிமலை, வெள்ளியங்கிரி, சதுரகிரி என்று பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு வருடக்கணக்காகப் போனான். போன இடத்திலெல்லாம் அவன் பார்த்தது முன்னால் நிற்கும் வண்டியின் முதுகு. கொடைக்கானல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "ஒலி எழுப்பவும்னு எழுதியிருக்கும்" என்பான். அந்தச் சித்திரை லீவில் கொடைக்கானல் ஏற்றத்தில் ஒரு பகல் முழுக்க நின்றான். மேகம் வந்து வேனின் ஒரு ஜன்னலில் நுழைந்து, உள்ளே இடமில்லாமல் மறு ஜன்னலில் இறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தான். வீடு வந்து படுத்த பிறகும் அவன் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் ஊட்டிக்கு ஆள் பிடித்து வைத்திருந்தார்கள். காலையில் எழுந்தான், வேன் சாவியை ஆணியில் மாட்டினான், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

வாசலை ஒட்டிய தையல் கடையில் அவன் மனைவி திலகவதி, கல்யாண ரவிக்கைகளுக்கு நடுவே, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். திலகவதி சும்மா இருந்ததை இந்த ஊரில் பார்த்தவர் கிடையாது. பஸ்ஸில் போனால் ஓரம் அடிப்பாள், சினிமாவுக்குப் போனால் இருட்டில் கொக்கி தைப்பாள், தூங்கும்போதும் கால் கட்டைவிரல் மிதித்துக்கொண்டே இருக்கும். தன் கல்யாணத்தில் தாலி ஏறிய கையோடு, மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து மணமேடையிலேயே தைத்துக் கொடுத்தவள். அன்றைக்குக் கணவன் கிளம்புவதை ஓரக்கண்ணால் பார்த்து, "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கிளம்புகிறவரை எங்கள் பக்கம் அப்படிக் கேட்க மாட்டார்கள். போகிற காரியம் கெட்டுவிடும். தூரமா என்றுதான் கேட்பார்கள். வாயில் இருந்த குண்டூசிக்கு அந்த மரியாதை தெரியவில்லை. ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. "சும்மா போறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தான். இது அதைவிடப் பெரிய தப்பு. முக்குக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போகிறவன்கூட இங்கே போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவான். வெறுமனே போறேன் என்றால் அது வேறு மாதிரிப் போவது. திலகவதி நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்தாள்.

கண்மாய்க் கரையைத் தாண்டி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்த ஆவுடையப்பனை மலை அள்ளி எடுத்துக்கொண்டது. ஏற ஏற உடம்பு லேசானது. பாதி மலையில் வேட்டி கனமாகத் தெரிந்தது, உச்சியில் அதுவும் தெரியவில்லை. ஒரு எட்டு வைத்தால் நாலு எட்டு தள்ளிப் போய் இறங்கினான். சும்மா குதித்துப் பார்த்தான், பனைமர உயரத்துக்குப் போய், ஒரு பருந்துக்கு வழிவிட்டு, நிதானமாக இறங்கினான். முன்னால் ஒரு வண்டியின் முதுகும் இல்லை. கண்மாய் கண்மாயாகத் தண்ணீர் மின்னியது, கொடும்பாளூர் மூவர் கோயில் விமானம் சுண்டுவிரல் நகமாகத் தெரிந்தது, நாற்பது வருடமாகத் தான் குடியிருக்கும் ஊரை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். சந்தோஷம் தாங்கவில்லை. யாருமில்லாத உச்சியில் ஓ என்று கத்திக்கொண்டு தலைகீழாகக் கரணம் போட்டான். வேட்டியைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் போட்டான்.

பொழுது சாய இறங்கப் பார்த்தான். இறங்கினான், இறங்கினான், கடைசியில் பார்த்தால் உச்சியில் நின்றான். நாலைந்து தடவை இறங்கி நாலைந்து தடவையும் உச்சிக்கே வந்து சேர்ந்த பிறகு செல்போனை எடுத்தான். "ஏ திலகா, என்னால இறங்க முடியல" என்றான். வண்டி பஞ்சரா என்று கேட்டாள் அவள். "நான் வண்டியே கொண்டாரலடி." அவள் குரல் மாறிவிட்டது. அந்த போனில் சார்ஜ் அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ரீசார்ஜ் மட்டும் திலகவதி போட்டுவிட்டாள்.

அடுத்த நாள் டிபன் கேரியரும் நைலான் கயிறுமாக அவள் ஏறினாள். குதிரை வாலுக்கு வந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி வால். ஏணி கொண்டு வந்தவர்கள், கட்சிக் கொடியோடு வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக வாலுக்கு வந்தார்கள். பிரசாந்த் என்கிற பையன் தன் சேனலுக்கு வீடியோ எடுக்க ஏறி, கடைசியில் குதிரையை வைத்தே ஒரு வீடியோ போட்டான், அது நன்றாக ஓடியது. மலையாண்டியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள் திலகவதி, தன் புருஷனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாருங்கள் என்று. அவ்வளவுதான், அவருக்கும் ஒரு காரியம் வந்துவிட்டது. மறுநாள் ஆடுகள் மேலே போயின, மலையாண்டி குதிரைக்குப் பின்னால் நின்றார். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே ஆத்தா" என்று அவர் அழாத குறைதான். ஆனால் ஆடுகளுக்கு எந்தக் காரியமும் கிடையாது. கொம்பு வளைந்த கிடா ஒன்றின் கழுத்தில் டிபனைக் கட்டிவிட்டால் அது போக்கில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. இட்லி வைத்தால் ஆவுடையப்பன் சாப்பிட்டான். கீரை வைத்த நாளில் கிடா சாப்பிட்டது.

ஆனி பிறந்தபோது ஆவுடையப்பன் ஒரு ஆள் உயரத்தில் நின்றான். உச்சியில் ஒரே ஒரு இச்சிமரம் இருக்கிறது, பாறை வெடிப்பில் வேர்விட்டது. அதன் கிளையில் துண்டின் ஒரு நுனியையும் இடுப்பில் மறு நுனியையும் கட்டிக்கொண்டான். பகலில் வேடிக்கையாகத்தான் பேசுவான். மயில் ஒன்று தன்னைக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிறது, அதற்குக் கழுத்து வலிக்கும் என்பான். ஆனால் அவன் குரலை அவளுக்குத் தெரியாதா? ஒரு சாயங்காலம் உடைந்துவிட்டான். "துண்டு நைஞ்சு போச்சு திலகா. ஆடி காத்து வந்தா நான் எங்கிட்டுப் போவேன்னே தெரியல." அன்றைக்குத் திலகவதி பொங்கிப் பொங்கி அழுதாள். தைத்துக்கொண்டேதான் அழுதாள். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையில் உப்புக் கறை விழுந்துவிட்டது.

ஆடிக்கு முன்னால் எப்படியாவது சும்மா இருக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தாள். கடை வாசலில் நாற்காலி போட்டுக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கைகள் தானாகக் காற்றில் ஓரம் அடித்தன. கைகளின் மேல் உட்கார்ந்து பார்த்தாள், கால் மிதித்தது. எதிர்க்கடையில் பூக் கட்டும் சின்னப்பிள்ளை என்கிற பூக்காரி சிரித்துச் சிரித்து முழக் கணக்கைத் தப்பவிட்டாள். "சும்மா இருக்கணும்னு மெனக்கெட்டு ஒக்காந்தா அது சும்மாவாடி? அதுவும் ஒரு வேலைதான்" என்றாள். உண்மைதான். அந்த மாசம் முழுக்கத் திலகவதி சும்மா இருப்பதில் கடுமையாக உழைத்து, தினமும் மலைக்குப் போய், தினமும் குதிரை வாலுக்கு வந்தாள்.

ஆடி பிறந்தது. காற்று முதலில் விளம்பரப் பேனர்களைக் கிழித்தது, பிறகு தகரக் கூரைகளைத் தட்டியது. அன்றிரவு போனில் ஆவுடையப்பன், அவள் மனம் கஷ்டப்படக் கூடாது என்று, "இங்க நல்லாத்தான் இருக்கு, நீ அலையாத. நீ வராட்டியும் பரவால்ல" என்றான். திலகவதிக்குச் சுர்ரென்று ஏறியது. முட்டி தேய நான் ஏறி இறங்க, வராட்டியும் பரவாயில்லையாமே. "அப்ப அங்கேயே கெடங்க!" என்று போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டாள்.

மறுநாள் கரண்டு இல்லை. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், அது அன்றைக்கு. அவள் மெஷினுக்கு மோட்டார் போட்டுப் பல வருடமாகிவிட்டது, மிதிப்பது பழக்கத்துக்குத்தான். கடைக்குள்ளே புழுக்கம். கணவனை நினைக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் அவனை மெய்யாகவே மறந்துபோனாள். வெளியே வந்தாள், காற்று புடவையைப் பிடித்து வடக்கே தள்ளியது, நடந்தாள். சின்னப்பிள்ளை பூவிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, தூரமா?" என்றாள். "சும்மா. போயிட்டு வாரேன்" என்றாள் திலகவதி. சொன்னது அவளுக்கே காதில் விழவில்லை.

கண்மாய்க் கரையில் காரைப்பழம் பழுத்திருந்தது. பறித்துத் தின்றாள், கொட்டையைத் தூரமாகத் துப்பினாள், அதைவிடத் தூரமாக இன்னொன்றைத் துப்பினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது, அது ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். சின்ன வயதில் பாடிய பாட்டு ஒன்று வாயில் வந்தது. பாதிதான் ஞாபகம் இருந்தது, அந்தப் பாதியையே திருப்பித் திருப்பிப் பாடினாள். உடம்பு லேசாக இருந்தது. காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் பார்க்காமல் நடந்து, மூக்கில் ஏதோ இடித்து நிமிர்ந்தபோது, கண் முன்னால் ஒரு ஜோடி செருப்பு அந்தரத்தில் நின்றது. அறுந்த வாரைச் சிவப்பு ரவிக்கை நூலால் தைத்திருந்தார்கள். அது அவள் கைத் தையல்.

மேலே ஆவுடையப்பன் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தான். தாடி மார் வரை வந்திருந்தது. "எதுக்கு வந்த?" என்று கேட்டுவிட்டான், மடையன். கேட்கக் கூடாததைக் கேட்பது இப்போது அவன் முறை. அவள் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது, உங்களைக் கூட்டிப் போகத்தான் வந்தேன், வந்து தொலையுங்கள், நீங்கள் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று. காலடியில் பாறை சரியத் தொடங்கியது, கடைக்கண்ணில் குதிரை வால் தெரிந்தது. திலகவதி எல்லாவற்றையும் காரைப்பழக் கொட்டை மாதிரி விழுங்கினாள். "சும்மாதான்" என்றாள். பாறை நின்றது. அவள் கால் தரையை விட்டு ஒரு விரல் எழும்பியது, பிறகு ஒரு முழம், பிறகு அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

அப்புறம் அந்த இரண்டு பேரும் செய்ததை, பிள்ளை குட்டி பெறுகிற வயதைத் தாண்டியவர்கள் செய்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இச்சிமரத்தைச் சுற்றித் தட்டாமாலை சுற்றினார்கள். பருந்தை விரட்டினார்கள். அவள் ஒரு கரணம் போட முயன்று பாதியில் தலைகீழாக நின்றுவிட, அவன் சிரித்த சிரிப்பில் துண்டு ஒரு நூல் அறுந்தது. அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன, கால் மிதிக்கவில்லை. பொழுது சாய்ந்தபோது திலகவதிக்கு மனசு கனத்தது. கூட்டிப் போக வந்தேன் என்று நினைத்தால் காரியமாகிவிடும், எல்லாம் கெட்டுவிடும். அதனால் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, "சரி, போயிட்டு வாரேங்க" என்றாள். சொன்னதும் அவள் கால் தரையில் பட்டது. திரும்பிப் பார்க்காமல் இறங்க ஆரம்பித்தாள்.

காற்று அப்போதுதான் வந்தது, அந்த ஆடியின் முதல் பெருங்காற்று. துண்டு சடக்கென்று அறுந்தது. ஆவுடையப்பன் மரத்துக்கு மேலே எழும்பினான். "திலகா! நான் போறேன்டீ!" என்று அலறினான், அலறியதும் இன்னும் ஒரு பனை உயரம் போனான். கீழே இருந்து திலகவதி அண்ணாந்து பார்த்தாள். அந்த நிமிஷம் மலையும் அதன் சட்டமும் அவள் நினைப்பிலேயே இல்லை. புருஷன் போறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெண் எவளும் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள், பதறித் திட்டினாள். "ஐயய்யோ, போறேன்னு சொல்லாதீங்க! போயிட்டு வாரேன்னு சொல்லுங்க! எத்தன தடவ சொல்றது!" ஆவுடையப்பனும் கல்யாணமான நாளிலிருந்து பழகிய பயத்தில், யோசிக்காமல், மலையைப் பார்த்து, "போயிட்டு வாரேன்!" என்று கத்தினான். தொப்பென்று விழுந்தான். அவள் மேலேயே விழுந்தான். அவளுக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது, அவனுக்கு முழங்கை சிராய்த்தது. காலைத் தரையில் ஊன்றிப் பார்த்து, ஊன்றிப் பார்த்து இரண்டு பேரும் அழுதார்கள். சித்திரையில் சொன்ன சொல் என்ன என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. சும்மா என்றது அவனை ஏற்றிவிட்டது, போறேன் என்றது இறங்கவிடவில்லை.

மலையிடம் வாரேன் என்று சொல்லியாகிவிட்டது, சொன்னால் போக வேண்டும். அதனால் வாரத்தில் ஒரு நாள் கடையும் பூட்டு, வேனும் ஷெட்டு, இரண்டு பேரும் சும்மா மலைப் பக்கம் நடக்கிறார்கள். மற்ற நாளில் ஆவுடையப்பன் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஓட்டத்தான் செய்கிறான், கூட்டமும் அங்கேதான் போகிறது. மலையாண்டிக்குக் காரியம் விட்டுப்போனதால் அவரும் ஆடுகளின் பின்னால் ஏற ஆரம்பித்துவிட்டார். ரவிக்கை ஏன் தாமதம் என்று கேட்டு வருகிற பெண்களுக்குத் திலகவதி சமாதானம் சொல்வதில்லை. காற்றுக்குப் பயந்து அவன் சட்டை ஓரத்திலும் தன் உள்பாவாடை ஓரத்திலும் பை வைத்துத் தைத்து ஆளுக்கு ஒரு இரும்புக் குண்டு போட்டிருக்கிறாள். உச்சிக்குப் போனதும் இரண்டையும் எடுத்து மரத்தடியில் வைத்துவிடுவார்கள், கிளம்பும்போது எடுத்துக்கொள்வார்கள்.

இந்த ஆடியில் ஒரு நாள் கிளம்பும்போது குண்டுகளை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள். பேச்சு சுவாரசியத்தில் போயிட்டு வாரேன் சொல்லவும் மறந்துவிட்டார்கள், காற்று இரண்டு பேரையும் கைகோத்தபடி தூக்கிப் போனது. ஆகாயத்தில் நினைவு வந்து இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்ல, இலுப்பூர் சந்தையில் தக்காளிக் கடைக்குப் பக்கத்தில் இறங்கினார்கள். வந்ததோடு ஒரு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு பொன்னமராவதி பஸ்ஸில் ஏறினார்கள். காற்றில் கலைந்த தலையும் கையில் பருந்து இறகுமாக நின்ற திலகவதியைப் பார்த்து, "எங்கிட்டுப் போயிட்டு வாரீங்க?" என்று கேட்டார் கண்டக்டர். "சும்மா" என்றாள் அவள். கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் அடித்தார்.